டிட்டோ போட்ட மரங்கள்

கோடாரியைத் தொடாமலே, ஒரே காலை வேளையில், பாதித் தோட்டத்துச் செம்பனையைச் சதாசிவம் சாய்த்துவிட்டார்.

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகப் போட்ட செம்பனை அது. மரத்துக்கு மரம் குலைகளைத் தராசில் நிறுத்து எழுதுவது ஈப்போ ஆராய்ச்சி ஆபீஸின் வழக்கம். எழுதி வந்ததைக் கம்ப்யூட்டரில் டைப் அடித்து டிஸ்கெட்டில் போட்டுக் கொடுப்பவர் சதாசிவம். அந்த டிஸ்கெட்டை வாங்கி, புள்ளிவிவரக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் மொழி ஒன்றுக்குள் செலுத்துபவன் பினாங்கில் படித்துவிட்டுப் புதிதாக வந்த ஜெயபாலன். இருவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்.

“அண்ணே, மரமெல்லாம் எங்க? பாதிதான் வந்திருக்கு.”

சதாசிவத்துக்குச் சுருக்கென்றது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாகப் பழகிய கை. ஒரே பிளாக் நம்பர் திரும்பத் திரும்ப வந்தால் அதன் கீழே ரெட்டைக் கோடு, அதாவது டிட்டோ, போட்டுக்கொண்டே போவார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அந்த மொழிக்கோ டிட்டோ என்றால் மேற்கோள் குறி; அதைக் கண்டால் ஏதோ பெயர் ஆரம்பிக்கிறது என்று நினைப்பாம். அடுத்த டிட்டோ வரும்வரை குறுக்கே கிடந்த மரம், குலை, கிலோ எல்லாவற்றையும் ஒரே பெயராக விழுங்கிவிட்டது.

“எங்க தோட்டத்துல வெள்ளைக்காரத் துரையே டிட்டோவுக்குக் கையெழுத்துப் போடுவாரு, தம்பி.”

“அவரு மனுஷன் லா, அண்ணே. இதுக்கு ஏது புத்தி? எந்த மரம் எங்க போச்சுன்னு நிறுத்தவங்கள வச்சுத்தான் சரிபார்க்கணும். அக்காவ உள்ள அனுப்புறீங்களா?”

அக்கா என்றால் மங்களம். தோட்டத்தில் தராசு பிடித்து, எழுதிய தாளை ஆபீஸில் கொண்டுவந்து கொடுப்பவள், சதாசிவத்தின் மனைவி. ஆக, கட்டின பெண்டாட்டியைத் தன் டைப்பாலேயே அடுத்தவன் அறைக்குள் தள்ளிவிட்ட பெருமை சதாசிவத்தைச் சேரும். ஏர்கான் அறை வேறு. மெஷினுக்குச் சூடு ஆகாதாம்.

பலகைச் சுவர் ஒரு மோசமான சுவர். பேச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு சிரிப்பை மட்டும் வெளியே விட்டது. மங்களத்தின் சிரிப்பு! வீட்டில் அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது சதாசிவம் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கு. ஸ்டேப்ளர் கேட்டு ஒருமுறை உள்ளே போனார். சட்டென்று சிரிப்பு நின்றது. ஸ்டேப்ளர் அவருடைய மேசையிலேயே இருந்ததை மங்களம்தான் ஞாபகப்படுத்தினாள்.

சாயங்காலம் கேட்டுப் பார்த்தார். “அப்படி என்ன சிரிப்பு?”

“வேலைதாங்க.”

“வேலையில என்ன சிரிப்பு?”

“வேலைன்னா ஆயிரம் இருக்கும்.”

சதாசிவம் ஒரு திட்டம் போட்டார். தப்பே இல்லாமல் அடித்துக் கொடுத்தால் சரிபார்க்க என்ன இருக்கிறது? சரிபார்க்க ஒன்றுமில்லாவிட்டால் அக்காவுக்கு அங்கே என்ன வேலை? வெட்கத்தை விட்டு ஜெயபாலனிடமே போய், “நிறுக்காத மரத்துக்கு என்ன போடணும், தம்பி?” என்று கேட்டுக்கொண்டார். தலைப்பு, கோடு, டிட்டோ எல்லா அலங்காரத்தையும் கழற்றி எறிந்தார். ஒவ்வொரு வரியிலும் பிளாக் நம்பரை முழுசாக அடித்தார். மத்தியானச் சோறு டிபன் கேரியரிலேயே ஆறிப்போனது. இவ்வளவு பொறாமையோடு ஈப்போவில் யாரும் டைப் அடித்திருக்க மாட்டார்கள்.

மெஷின் ஒரே மூச்சில் எல்லா மரத்தையும் ஏற்றுக்கொண்டது. ஜெயபாலன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“அண்ணே, ஒரு தப்பு இல்ல!”

சதாசிவம் பெரிய மனது பண்ணிச் சிரித்தார்.

“அக்கா, வாங்க லா! இனிமேதான் நம்ம வேலையே. ஆத்தோரத்து மரத்துலெல்லாம் குலை ஏன் குறையுதுன்னு பார்ப்போம்.”

மங்களம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சதாசிவத்தின் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

வீடு திரும்பும் வழியில் மழை பிடித்தது. ஹோண்டா மோட்டார் சைக்கிளைச் சீனன் கடை வாசலில் நிறுத்திவிட்டு இருவரும் ஒதுங்கினார்கள். சதாசிவம் மழையைப் பார்த்தபடியே கேட்டார்.

“மங்களம், அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருக்கா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். படவில்லை.

“பிடிச்சிருக்கு. அவனுக்கு என் தம்பி வயசு, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. ‘இந்த மரம் ஏன் இப்படி, அக்கா?’ன்னு கேப்பான். கேட்டுட்டு, நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் பேசாம உக்காந்திருப்பான். பாம்பு வந்து நான் கைவண்டி மேல ஏறி நின்ன கதைக்குத்தான் ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சோம். அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது.

“நான் நிறுத்த மரத்தையெல்லாம் இத்தனை வருஷமா நீங்கதான் டைப் அடிக்கிறீங்க. ஒரு மரத்தப் பத்தி ஒருநாள் கேட்டதுண்டா? அங்க போனா எனக்கு நல்லாருக்குங்க. நாளைக்கும் போவேன்.”