அப்பாவின் ட்ரிப் நோட்டு

ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் எங்கள் மருத்துவமனையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆபரேஷன் தியேட்டருக்கு வெள்ளையடித்தார்கள். ஆம்புலன்ஸ் ட்ரிப் நோட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

"வேற ஊருக்கு அனுப்பிவிட்ட நோயாளிங்க பட்டியல்மா அது. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார் பெரிய டாக்டர்.

நான் இங்கே டியூட்டி டாக்டர். மயக்க மருந்தில் மேற்படிப்பு படிக்க வேண்டும். அதற்கான இடங்கள் மொத்தமும் தலைநகரத்தில். இங்கிருந்து படிக்கப் போனவர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அங்கேயே வேலை, அங்கேயே வீடு. இந்த ஆய்வில் தேறி எங்கள் மருத்துவமனைக்கே இரண்டு இடம் கிடைத்தால் ஒன்றைப் பரீட்சை எழுதி நான் வாங்கிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வுக்கு வந்தவர் தலைநகரப் பேராசிரியர். தியேட்டரைப் பார்த்தார். எங்கள் இரண்டு மயக்க மருந்து நிபுணர்களிடமும் பேசினார். பிறகு பேனாவை மூடினார்.

"எல்லாம் சரி. ஆபரேஷன் எண்ணிக்கைதான் போதல. கேஸே இல்லாத இடத்துல பசங்க எதைப் பாத்துக் கத்துக்குவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேஸ் இருக்கு சார். உங்க ஆஸ்பத்திரியில இருக்கு."

ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் என் அப்பா. இந்த வருட நோட்டு மட்டும் வண்டியிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு அதைக் கேட்டேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

பேராசிரியர் புரட்டினார். எல்லாம் அப்பாவின் கையெழுத்து. 'குடல் ஓட்டை, சாயங்காலம் ஆறு.' 'ரெட்டைப் புள்ள, தலை திரும்பல.' 'கால் எலும்பு ரெண்டா போச்சு.' எல்லா வரிக்கும் எதிரே, இறக்கிவிட்ட இடம்: அவருடைய ஆஸ்பத்திரி.

"ஆறு மாசத்துல முந்நூத்தி பன்னெண்டு பேர். இருக்கறதே ரெண்டு நிபுணர். நாள் பூரா நிக்க முடியாது. மதியத்துக்கு மேல வந்தா ரெண்டு மூணு பேரா வண்டியில ஏத்திடறோம், நாலு மணி நேரப் பயணம். உங்க பசங்க தொழில் கத்துக்கறதே எங்க ஜனங்க உடம்புலதான் சார். அவங்க இங்க படிச்சுக்கிட்டே தியேட்டர்ல கூட நின்னா இந்த வண்டி ஏன் கிளம்பப் போகுது?" என்றேன்.

அவர் ஒரு வரியில் விரல் வைத்தார். "இந்தக் கால் கேஸுக்கு நான்தான் மயக்கம் குடுத்தேன்."

"வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே வந்தான் சார்" என்றார் அப்பா. "நீங்க ஊசி போட்டப்புறம்தான் வாய மூடுனான். நல்ல மருந்து."

பேராசிரியர் சிரித்துவிட்டார். படிவத்தில் 'போதவில்லை' என்பதை அடித்துவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். "பழைய நோட்டும் வேணுமே."

பெரிய டாக்டர் பீரோ சாவி எடுக்க ஓடினார்.

அடுத்த வருடம் இரண்டு இடம் கொடுத்தார்கள். ஒன்றில் நான். அப்பாவுக்குத்தான் குறை. "வண்டி சும்மாவே நிக்குது, பேட்டரி இறங்கிப்போகுது" என்று என்னைத் திட்டுகிறார்.