பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு விரிசல்

கதவு உரசுகிறது என்று டீச்சர் வந்து சொன்னபோது கொத்தனாருக்குப் பயம் எதுவும் வரவில்லை. புது மரம், நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும்.

"இழைப்புளி வச்சு ரெண்டு இழு இழுத்தா சரியாப் போயிடும், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்து முடித்துத்தான் கிளம்பினார்.

பள்ளிக்கூடம் திறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் அது முப்பத்து நான்காவது கட்டடம். முப்பத்து நான்கும் அவர் கை வைத்துக் கட்டியவை.

ஊருக்கே வயது இன்னும் ஒன்பது முடியவில்லை. ஆற்றோரத்தில் குடிசை இடிபட்ட நான்கு குடும்பங்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக்கொண்டு ஒருத்தி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். லாரி இந்த மேட்டில் வந்து மக்கர் செய்தது. உதிரி பாகம் வந்து சேர ஆறு நாள். ஆறு நாளில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அடுப்பு மூட்டிய இடத்தைவிட்டு அவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடியுமா? லாரி சரியானதும் யாரும் ஏறவில்லை. டிரைவரம்மாவே சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இதைவிட நல்ல இடம் எங்க கிடைக்கப் போகுது?" என்றாள். குடியிருக்க அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தவளும் அவள்தான். அந்த நான்கு குடும்பத்தில் கொத்தனாருடையதும் ஒன்று.

பின்னால் ஒரு பாறைமேடு. இருபதடியில் தண்ணீர் வந்தது. சுண்ணாம்புக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. வெள்ளைக் கல் குவியல் குவியலாகக் கிடந்தது. எடுத்துச் சுட வேண்டியதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. இவ்வளவு நல்ல இடம் ஏன் ஆளில்லாமல் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடில்லாதவன் கேட்கிற கேள்வியா அது?

நான்கு குடும்பம் பதினொன்றானது. பால்காரர் வந்தார், தையல்காரி வந்தாள். முடிவெட்டுகிறவர் வந்து மரத்தடியில் கண்ணாடியை மாட்டிய அன்று, "முடி வெட்ட ஆள் வந்தாச்சு, இனிமே இது ஊர்தான்" என்று டிரைவரம்மா அறிவித்தாள். இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால்தான் டீச்சர் வருவார் என்றபோது ஒன்று குறைந்தது. தையல்காரி தன் அக்காவையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கையோடு கூட்டிவந்து கணக்கை இருபத்தாறாக்கினாள்.

கொத்தனார் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மரம் ஊதவில்லை. நிலைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுவரோரமாகவே நடந்து பின்பக்கம் போனார். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் இறங்கியிருந்தது. பூச்சு மட்டும் வெடித்திருந்தால் அது கோணல்மாணலாக மயிரிழை போல ஓடும். இது செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு இறங்குவதுபோலத் தரைவரை இறங்கியிருந்தது.

அப்படி இறங்கினால் அது சுவரின் குற்றமில்லை, தரையின் குற்றம்.

அதற்குமேல் அவர் செய்ததை நினைத்துப் பின்னாளில் தன்னையே அடித்துக்கொள்வார். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கலவையைக் குழைத்து, விரிசலை அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்து மூடினார். மூடிவிட்டு, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில், விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சிமெண்ட்டால் ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி தெறிக்கும்.

மூன்றாம் நாள் போய்க் குனிந்து பார்த்தார். கண்ணாடி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, தொண்டைக்குள்ள இறங்கலையா?" என்றாள் மனைவி.

சொன்னார். அவள் முதலில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. விரிசல் விடாத சுவர் எங்கங்க இருக்கு? உங்க வேலை சரியில்லைன்னுதான் பேசுவாங்க. இல்லாட்டி பயந்து மூட்டையைக் கட்டுவாங்க. நாம எத்தனை இடம் மாறியாச்சு? இங்கதான் வழியில பார்த்தா நின்னு பேச நாலு பேர் இருக்காங்க எனக்கு." சொல்லும்போதே அவள் பார்வை தரையில்தான் இருந்தது. அவளுக்கும் பயம்தான்.

மறுநாள் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு, கூரை பார்க்கிறேன், படி பார்க்கிறேன் என்று வீடு வீடாக நுழைந்தார். தரையில் மட்டத்தை வைத்தால், குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடியது. ஒரு வீட்டில் மட்டுமில்லை, வரிசையாக மூன்று வீட்டில். மூன்றும் பள்ளிக்கூடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்தன. தையல்காரி மெஷினை மிதித்தபடியே, "இப்பல்லாம் நூற்கண்டு தானா உருண்டு கதவுகிட்ட போயிடுதுண்ணே" என்று சிரித்தாள். அவர் மட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு தெருவில் முட்டை மேல் நடப்பதுபோல நடந்தார். யாராவது அம்மியை நகர்த்தினாலும் திடுக்கிட்டார். ஒரு பிற்பகல், கிணற்றடியில் ஆளில்லாத நேரம், காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் கல் ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சத்தம் கிணற்றிலிருந்து வரவில்லை.

ஓடினார். டிரைவரம்மா லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய ஏழு வயது மகள் ஸ்பேனர்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணனா? வாங்க. அடுத்த வாரம் இன்னும் ஆறு குடும்பம் வருது. வாய் ஓயாம பேசிச் சம்மதிக்க வச்சிருக்கேன். ஆறு வீடு, மழைக்கு முன்னாடி முடிச்சிடுவீங்கல்ல?" என்று சொல்லிக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்தவள், அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில்தான், தங்கச்சி" என்றார்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாளைக்கு, நாளைக்கு என்று இன்னும் இரண்டு நாள் போனது.

விரிசலைப் பார்த்த எட்டாம் நாள் காலை, பள்ளி மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கிணற்றடியிலிருந்து கூச்சல். வாளியைக் கீழே விட்டால் தண்ணீரில் விழவில்லை. தரையில் மோதி ஓட்டைத் தகரம்போலச் சத்தமிட்டது. நேற்றுவரை பத்தடி நின்ற தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது. கிணற்றிலிருந்து காற்று!

கொத்தனார் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. "எல்லாரும் வீட்டைவிட்டு வெளிய வாங்க! பாறைமேட்டுப் பக்கம் ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே போனார். பின்னால் கதவுகள் திறந்தன.

பள்ளிக்கூடத்துக் கதவு திறக்கவில்லை. நிலை இறுகிப்போயிருந்தது. உள்ளே டீச்சர் இழுத்தார், வெளியே இவர் தள்ளினார். பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு ஓடினார். ஜன்னல் கம்பிகளைச் சுவருக்குள் ஒரு சாண் ஆழத்துக்குப் பதித்தது அவர்தான். திருடன் வந்தாலும் அசைக்க முடியாது என்று அன்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"டீச்சர், பிள்ளைங்களை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்க!"

விரிசலுக்கே கடப்பாரையைக் கொடுத்தார். தான் அடித்த சுண்ணாம்பு உதிர்ந்தது, தான் அடைத்த கலவை உதிர்ந்தது, செங்கல் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தது. சுவரை உடைத்தால் கூரை இறங்கலாம் என்று தெரியும். தெரிந்துதான் உடைத்தார். ஒரு பிள்ளை நுழையும் அளவுக்குத் துவாரம் விழுந்ததும் டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். வெளியே பால்காரரும் தையல்காரியும் வாங்கி வாங்கி ஓடவிட்டார்கள். டீச்சர் எண்ணிக்கொண்டே வந்தார். இருபத்தைந்தில் நின்றுவிட்டார்.

"ஒண்ணு குறையுது!"

டிரைவரம்மாவின் மகள் மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் தலையை ஆட்டியது, வரவில்லை. கொத்தனார் இன்னும் நாலு செங்கலைப் பெயர்த்து, டீச்சரை வெளியே இழுத்துவிட்டு உள்ளே நுழைந்தார். தரை சாய்ந்திருந்தது. பலகை, பை, சிலேட்டு எல்லாம் மெதுவாக ஒரு மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தன. பிள்ளையை வாரித் துவாரத்துக்குள் திணித்துவிட்டுத் தானும் உடம்பை நுழைத்தபோது, மேலே ஜன்னல் விட்டம் இறங்கியது. பிள்ளை வீரிட்டது. அதன் இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. பால்காரர் கடப்பாரையால் நெம்ப, இவர் பின்னாலிருந்து தள்ள, எப்படியோ வெளியே வந்து விழுந்தார்கள்.

அப்புறம் நடந்ததை அந்த ஊரார் யாரும் முழுதாக விவரித்ததில்லை. இடி மாதிரி இல்லை. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். பள்ளிக்கூடமும் மூன்று வீடும் கிணறும் இருந்த இடத்தில் பெரிய குழி, அதன் மேல் வெள்ளைத் தூசு.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எப்போதோ கீழே சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கமாம். பழைய வரைபடத்தில் இருந்ததாம். யாரும் எடுத்துப் பார்க்கவில்லையாம்.

உயிர் எதுவும் போகவில்லை. எல்லாரும் கொத்தனாரைத் தெய்வம் என்றார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாறைமேட்டில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த மூன்றாம் நாள், எல்லாரும் இருக்கும்போது எழுந்து நின்றார். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை.

"குழி விழறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும். விரிசலைப் பார்த்துட்டுப் பூசி மறைச்சேன். சொன்னா ஊர் கலைஞ்சிடும்னு பயந்தேன்."

டிரைவரம்மா மடியில் கட்டுப் போட்ட காலோடு மகள் படுத்திருந்தது.

"லாரிக்கிட்ட வந்தீங்களே, அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

அவள் கத்தியிருந்தால் தேவலை. மகளின் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது குடும்பம் ஊரைவிட்டுப் போனது. மற்றவர்கள் பாறைமேட்டிலேயே வீடு கட்டினார்கள். வேறு கொத்தனார் இல்லாததால் அவரையே கூப்பிட்டார்கள். வேலையைச் சொன்னார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. முடிவெட்டுகிறவர்கூட அவருக்கு வாய் திறக்காமல் முடி வெட்டினார். ஊரிலேயே பெரிய தண்டனை அதுதான்.

நான்கு மாதம் கழித்து லாரி ஒரு புதுக் குடும்பத்தை இறக்கியது. புதிதாக வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க தரை நல்லா இருக்குமா?" என்று கேட்டார். எல்லார் பார்வையும் கொத்தனார் பக்கம் திரும்பியது.

"எனக்குத் தெரியாதுங்க. பன்னிரண்டு இடத்துல தோண்டிப் பார்த்தோம், பாறைதான் வந்தது. உங்களுக்குன்னு விட்ட இடத்தை நீங்களே தோண்டிப் பார்த்துக்குங்க."

டிரைவரம்மா லாரிக் கதவைச் சாத்தினாள். மகள் லேசாக நொண்டிக்கொண்டு அவள் பின்னால் வந்தது. "கடப்பாரையை எடுத்துக் கொடுங்கண்ணே" என்றாள் டிரைவரம்மா. நான்கு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

எடுத்துக் கொடுத்தார். புதியவர் ஓங்கிக் குத்தினார். அந்த முதல் குத்தின் சத்தம் காதில் விழும்வரை கொத்தனார் மூச்சை விடவில்லை. கல் மேல் இரும்பு பட்டுக் கணீரென்றது. அடுத்த குத்துக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.