தண்ணீர் ஓரத்தில் போட்ட கோடு

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரே வேலைதான், கண்ணுகளா. செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த ஆற்றின் படங்களை வருடவாரியாகக் கணினியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் கரையைக் கோடாக வரைய வேண்டும். கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆறு வளைகிற இடத்தில், கரையை அரிக்கிற பக்கமாகவே அவள் அண்ணன் வீடு இருந்தது. அண்ணன் தையல்காரர். வீட்டை விற்றுவிடலாமா, இருக்கலாமா என்று அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஓயாத இழுபறி. கடைசியில் அவளைக் கேட்டார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படத்தையும் புதுப் படத்தையும் வைத்துப் பார்த்துச் சொன்னாள்: "ஆறு நம்ம வீட்டை விட்டு விலகித்தான் போகுது அண்ணா. தைரியமா இருங்க."

அண்ணன் அவள் அச்செடுத்துத் தந்த வரைபடத்துக்குச் சட்டம் போட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினார். "என் தங்கச்சி வானத்துல இருந்து பாத்துச் சொன்னது" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

"அப்படியே என் சட்டை எப்ப முடியும்னும் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

மூன்று மாதம் கழித்து, பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பழைய படம் மழைக்காலத்துல எடுத்தது, புதுசு கோடையில எடுத்தது. நீங்க தண்ணி ஓரத்துல கோடு போட்டிருக்கீங்க. மரம் நிக்கிற மேட்டோரத்துலதானே போடணும்?"

அவள் இரண்டு படத்தையும் மறுபடி திறந்து பார்த்தாள். கோடையில் தண்ணீர் சுருங்கியதை ஆறு விலகியதாக எடுத்துக்கொண்டுவிட்டாள். மேட்டோரத்தில் திருத்திப் போட்டாள். ஆறு முப்பது மீட்டர் வீட்டை நோக்கி வந்திருந்தது. மிச்சம் பதினோரு மீட்டர்.

அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, மழை முடியிற வரைக்கும் இங்க வந்து இருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நல்லாருக்கு! ஆறு விலகுதுன்னு நீயே சொல்லிட்டு, நீயே பயப்படுறியா? உங்க அண்ணி மாடியில ஒரு ரூம் கட்டலாம்ங்கறா."

நான் தப்பாப் போட்டுட்டேன். மூன்றே வார்த்தை. "சரிண்ணா" என்று வைத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அதையேதான் நினைத்தாள்.

மழையின் ஐந்தாம் நாள் காலையில் கரை இடிந்து வீடு ஆற்றோடு போயிற்று. அண்ணனும் அண்ணியும் கட்டிய துணியோடு ஓடிவந்தார்கள். தையல் மெஷின் போயிற்று, வீட்டுப் பத்திரமும் போயிற்று. அண்ணன் கக்கத்தில் இருந்தது அந்தச் சட்டம் போட்ட வரைபடம் ஒன்றுதான்.

இப்போது அவள் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் ஒருவர் வாய்விட்டார்: "வானத்துல இருந்து பாத்து என்னத்தைக் கிழிச்சாங்களாம்?"

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ போட்டது சரிதான். ஆறுதான் எங்களை ஏமாத்திருச்சு."

சமையலறையில் அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, சுத்தியல் எங்க இருக்கு? இந்தப் படத்தை மாட்டணும்."

எடுத்துப் போய் நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

"ஆணியும் வேணுமாண்ணா?" என்றுதான் வந்தது.