வேளாண்மை அலமாரியின் கடைசித் தட்டு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன் நான். அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். மறுவாரம், கூடத்தில் நின்றுகொண்டு அக்காவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: "நீ வராம இருந்திருந்தா அம்மா நிம்மதியா போயிருப்பாங்க."

அக்கா பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். பத்து நாள் வீம்பு பிடித்துவிட்டுக் கூப்பிட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை. ஒன்பது வருடம் ஆகிறது. என் வாயை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

இந்த நாற்பத்திரண்டு வயதில் நூலக மேலாண்மை படிக்கச் சேர்ந்தேன். "புத்தகத்தை அடுக்கி வெக்க ரெண்டு வருஷப் படிப்பா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பதினைந்து வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் ரிஜிஸ்தர் எழுதியவளுக்கு அதுவே சொர்க்கம் என்று அவருக்கு எப்படிப் புரியும்? சனிக்கிழமைகளில் வகுப்பு. கடைசிப் பருவத்தில் இரண்டு மாதம், மற்ற நாட்களில் ஏதாவது ஒரு நூலகத்தில் பயிற்சி. நான் சிறுவயதில் அக்காவோடு போன அதே நூலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நூலகர் நல்ல மனிதர்தான். எதைக் கேட்டாலும் "கொள்கை என்ன சொல்லுது?" என்பார். மின்விசிறியைக் கூட்டி வைக்கலாமா என்று கேட்டாலும் அதேதான். அதனால் அவருக்குக் கொள்கை சார் என்று பெயர் வைத்திருந்தேன், மனசுக்குள்.

அவர் எனக்குக் கொடுத்த வேலை உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்வது. ஐந்து வருடமாகப் புத்தகமே எடுக்காதவர்களுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். முப்பது நாளில் வந்து ஒரு புத்தகமாவது எடுத்தால் தப்பித்தார்கள். இல்லையென்றால் பெயரை நீக்கிவிட வேண்டும். கடிதம் எழுதுவதும் நான், நீக்குவதும் நான். இதை வைத்துத்தான் என் திட்ட அறிக்கை, அதை வைத்துத்தான் மதிப்பெண்.

கம்ப்யூட்டரில் பட்டியல் வந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர் இருக்காது, உறுப்பினர் எண்ணும் தேதிகளும் மட்டும். சர்வ சாதாரணமாகக் கீழே இறக்கிக்கொண்டே போனவளுக்கு ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. 4417.

அந்த எண்ணை எனக்குத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் தெரியும். சிறுவயதில் எங்கள் இரண்டு பேருக்கும் அக்காவின் அந்த ஒரு கார்டுதான். கடைசியாகப் புத்தகம் எடுத்தது ஐந்து வருடம் நான்கு மாதம் முன்பு. முகவரி மாற்றியது ஆறு வருடம் முன்பு. அப்படியென்றால் அக்கா இந்த ஊரில்தான் இருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லாத முகவரியை நூலகத்திடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த எண்ணின் மேல் ஒரு தட்டு தட்டினால் முகவரி வந்துவிடும். கொள்கை சார் தேநீர் குடிக்கப் போயிருந்தார். மவுஸைப் பிடித்த கை பரபரத்தது. 'வாசகரின் விவரங்களைச் சொந்த உபயோகத்துக்குப் பார்க்கலாகாது' என்று போன பருவம்தான் நான்கு பக்கம் எழுதி இருபதுக்குப் பதினேழு வாங்கியிருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பதினேழு மதிப்பெண்ணெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. என்னைத் தடுத்தது வேறு. அக்கா எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்த கதவு அது. அதைத் திருட்டுத்தனமாகத் திறந்துகொண்டு போய் நின்றால், அவள் மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். இந்த முறை முகவரியை நூலகத்திடம்கூடச் சொல்ல மாட்டாள்.

ஆனால் கடிதம் எழுதுவது நான்தானே?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான் தருவார்கள். மூன்றாவதாகப் பிடித்த புத்தகத்தை வேறு யாரும் கொண்டுபோய்விடாமல், வேளாண்மை அலமாரியின் கடைசித் தட்டில், தடித் தடியான தொகுதிகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்போம். அந்தப் பக்கம் ஈ காக்கை வராது. பிறகு அதுவே எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒளித்ததை எடுத்தவள், அந்த இடத்தில் மற்றவளுக்காக ஒரு புத்தகம் வைக்க வேண்டும். நான் அக்காவுக்குப் பேய்க் கதை வைப்பேன். அக்கா எனக்கு வேண்டுமென்றே 'நல்ல பழக்கங்கள்' மாதிரி ஏதாவது வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எடுத்த புத்தகத்தை அவள் இரண்டு தடவை படிப்பாள். கெடு நாளுக்கு முன்னாலும் கொடுக்க மாட்டாள், பின்னாலும் கொடுக்க மாட்டாள். கெடு நாளன்று நூலகக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகிற ஒரே கடிதத்தை விதிப்படி எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'உங்களுக்காக ஒளித்துவைத்த புத்தகம் அதே இடத்தில் இருக்கிறது.'

கொள்கை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஒளிச்சு வெச்சதா? நூலகம் எதுக்குங்க புத்தகத்தை ஒளிச்சு வெக்கணும்?"

"படிக்கிறவங்களுக்கு ஒரு ஆசை வரட்டும்னுதான் சார்."

"'எடுத்து வைத்த'ன்னு மாத்திடுங்களேன்."

"முடியாது சார்."

"கொள்கைப்படி..."

"கடிதத்துல என்ன எழுதணும்னு கொள்கைல ஒண்ணும் இல்ல சார். நான் பார்த்துட்டேன்."

பிடித்த பிடியில் நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். கவரில் முகவரி ஒட்டுவது அலுவலக உதவியாளரின் வேலை. அன்று முழுக்க நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

ஊருக்கெல்லாம் அப்படி எழுதிவிட்டு ஒன்றும் வைக்காமல் இருக்க முடியுமா? ஒரு துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டுபோய் அதே இடத்தில் ஒளித்தேன். மூன்று பருவம் நூலகம் படித்தவள் செய்யக் கூடாத காரியம். தினமும் கதவு திறந்ததும் முதல் வேலையாக அங்கே கையை விட்டுப் பார்ப்பேன். இருக்கும்.

கடிதம் போன மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "எனக்கு ஒளிச்சு வெச்ச புத்தகம் எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு தையல்காரர் வந்தார். மிரண்டு போய் அவருக்கு ஒரு பயணப் புத்தகத்தை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு மேசைக்கு அடியில் எப்போதும் பத்துப் புத்தகம் வைத்திருந்தேன். வழக்கமாக இப்படிக் கடிதம் போட்டால் பத்துப் பேர் வந்தாலே அதிகமாம். நான்கு வாரத்தில் நூற்று நாற்பது பேர் வந்தார்கள். கொள்கை சாருக்குத் தலை கால் புரியவில்லை. அந்த வரியை இனிமேல் கொள்கையிலேயே சேர்த்துவிடலாம் என்றார்.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பும். நூற்று நாற்பது பேர் வந்து என்ன? எனக்கு என் அக்கா வேண்டும்.

முப்பதாவது நாள் திங்கட்கிழமை. என் பயிற்சிக்கும் அன்றுதான் கடைசி நாள். வேளாண்மை அலமாரிப் பக்கம் போகக் கால் வரவில்லை. நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மிச்சம் இருப்பவர்களை நீக்க வேண்டும். 4417ஐக் கடைசியாக நீக்கலாம் என்று தேடினேன். இல்லை. மேலிருந்து கீழாக மறுபடியும் தேடினேன். இல்லை.

"சார், யார் நீக்கினது? எனக்கு இன்னிக்கு வரைக்கும் நாள் இருக்கு சார்!" குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரும் எதையும் நீக்கலீங்க. புத்தகம் எடுத்தா அந்த எண் தானா பட்டியல்லேருந்து போயிடும்." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சனிக்கிழமை நல்ல கூட்டம். நீங்கதான் வகுப்புக்குப் போயிட்டீங்க."

எழுந்து ஓடினேன். நூலகத்தில் ஓடக் கூடாது என்று கொள்கை இருக்கிறது. வேளாண்மை அலமாரி, கடைசித் தட்டு. மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டேன். ஒரு புத்தகம் கையில் தட்டுப்பட்டது. என் துப்பறியும் கதை இல்லை. கோபத்தை அடக்குவது எப்படி என்று படம் போட்டு விளக்கும் மெல்லிய புத்தகம்.

சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாகிவிட்டது. ஒன்பது வருடத்தில் அக்கா என்னைக் கிண்டல் செய்தது இதுதான் முதல் தடவை.

அந்த இடத்தில் ஒரு பேய்க் கதையை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கொள்கை சாரிடம் கொண்டுபோனேன். அட்டையைப் பார்த்தார்.

"இதுவா?"

"தேவைப்படுது சார்."

"அது தெரியும்," என்று முத்திரை குத்தினார். பதினான்கு நாள்.

அக்காவுக்கும் பதினான்கு நாள்தான். சனிக்கிழமையிலிருந்து எண்ணினால் அடுத்த சனிக்கிழமை விட்டு அதற்கடுத்த சனிக்கிழமை. அன்றைக்கு வகுப்பில் தேர்வு. பாடம், விட்டுப் போன வாசகரை மீண்டும் வரவழைப்பது. தேர்வு போனால் போகட்டும். நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கும். நான் எட்டரைக்கே வாசலில் நிற்க வேண்டும். அவளிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அதற்குள் இந்தப் புத்தகத்தை இரண்டு தடவை படித்து வைக்கிறேன்.