மெய்யெழுத்து

கோதண்டம் கடைக்குள் நுழைந்தபோது ஹேமாவதி யாரோ ஒரு பெரியவரின் படத்துக்குக் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்துக்கொண்டிருந்தாள். மண்ணூர்பேட்டையில் யார் போனாலும் அன்வர் பாஷாவின் பிளெக்ஸ் கடைக்குச் சொல்லிவிட்டுத்தான் பந்தல்காரனுக்குச் சொல்வார்கள். பதினாறு வருஷமாக அங்கே எழுத்து அடிப்பவள் ஹேமாவதி. ஊரில் செத்தவர்கள் எல்லோருடைய பெயரும் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போயிருக்கிறது.

“பாய் இல்லியா?”

“தொழுகைக்குப் போயிருக்கார் சார். வர்ற நேரம்தான்.”

“பரவால்ல, நீயே பண்ணுமா.” சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். “இந்தத் தெரு முனைல ஒரு கல்லு வெக்கிறேன். நம்ம பசங்க நாலு பேரு போனாங்கல்ல, அவங்க ஞாபகத்துக்கு. கருங்கல்லு. நீ ஸ்டிக்கர் வெட்டிக் குடுத்தா கல்லுக்காரன் அதை ஒட்டி மணலடிச்சுக் குடைஞ்சிடுவான். இதுல பாரு, கோபி, அஜ்மல், ரெண்டு பேருதான் எழுதிகீது. லேடீஸ் பேரு ரெண்டும் மறந்துபோச்சு. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் சார். ஒருத்தங்க ஞானம்மாள். இன்னொருத்தி கிருஷ்ணப்பிரியா.”

“அட, பட்டுனு சொல்றியே.”

“பெத்தவ நான்தான் சார்.”

கோதண்டம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் போட்டார். வருத்தத்துக்கு அவர் அவ்வளவுதான் செலவு பண்ணுவார். “அதான், முகத்தை எங்கியோ பாத்த மாதிரி கீதேன்னு பாத்தேன். உனக்காகவும்தாம்மா இந்தக் கல்லு.”

எங்கே பார்த்தார் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கோதண்டத்தின் மெத்தைக் கம்பெனி வாசலில் போலீஸ்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று அடி தள்ளிக் கோதண்டம் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார்.

கோதண்டத்தின் அப்பா காலத்தில் அந்த இடம் நெல் வயல். பிள்ளை அதில் ஷெட் போட்டு, மெத்தைக்கு ஃபோம் வெட்டும் கம்பெனி வைத்தார். தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடித்ததால் அந்த ஞாயிறு நாலு பேரை வரச் சொன்னார். லீவு நாளில் வேலை நடப்பது வெளியே தெரியக் கூடாதென்று ஷட்டரை இறக்கி வெளியே பூட்டினார்கள். ஃபோம் பிடித்துக்கொண்டால் நெருப்புக்கு முன்னால் புகை ஆளைக் கொன்றுவிடும். நாலு பேரும் ஷட்டருக்கு அருகிலேயே கிடந்தார்கள்.

அன்று சாயங்காலம் கோதண்டம் போலீசில் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஞாயிறு கம்பெனி விடுமுறை. வருகைப் பதிவேட்டில் யார் பெயரும் இல்லை. இவர்கள் பின்பக்கச் சுவர் வழியாக எதற்கு உள்ளே போனார்கள் என்று தனக்குத் தெரியாது.

எதற்குப் போனார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ஊர் சொல்லிக்கொண்டது. பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சாம்பலாகக் கரைத்துவிட்டு வந்த வாரம், தண்ணீர் லாரி வரிசையில் ஒருத்தி ஹேமாவதியின் காதுபடவே கேட்டாள்: “பித்தளை கித்தளை எடுக்கப் போச்சுங்களோ இன்னாவோ.” மகள் செத்ததை ஹேமாவதி விதி என்று விட்டிருப்பாளோ என்னவோ, தெரியாது. அந்த வார்த்தையை விடவில்லை. போலீஸ் வழக்கை ஒரு வருஷத்தில் ஊற்றி மூடினார்கள். தொழிலாளர் கோர்ட்டில் நாலு குடும்பமும் போட்ட வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. வக்கீல் கஸ்தூரி ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான் சொல்வாள்: “அக்கா, நாலு பேரும் அன்னிக்கு வேலைக்குத்தான் போனாங்கன்னு ஒரு காகிதம் வேணும். இல்லன்னா அந்த ஆள் வாயாலயே வரணும்.”

காகிதமெல்லாம் ஃபோமோடு எரிந்துவிட்டது. வாயோ, வருகிற வருஷம் கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நிற்கப்போகிற வாய். அளந்துதான் திறக்கும்.

“விபத்து, தீ, கம்பெனி, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்” என்றார் கோதண்டம். “‘மறைந்த நால்வர்’னு போடு. டீசன்ட்டா இருக்கும். அப்பறம், என் பேரைக் கீழ போட்டுகீறாங்க பாரு, ‘நிறுவியவர்’னு. அதை மேல கொண்டாந்துடு. பெரிசா. ரோட்ல பஸ்ல போறவனுக்குத் தெரியணும்.”

“பெயர் மேல வந்தா வாசகத்தை மாத்தணும் சார்.”

“மாத்திக்கோ. எழுத்தெல்லாம் உன் டிபார்ட்மென்ட்டு.”

அவர் போனதும் அவள் அடித்தாள்.

தொழிலதிபர் கா. கோதண்டம்
மறைந்த நால்வர் நினைவாக
எழுப்பிய தூண்

கீழே நாலு பெயர். மகளின் பெயரைப் பார்க்காமலே அடித்தாள். அதை அவள் பல தடவை அடித்துப் பார்த்து அழித்திருக்கிறாள், வேலை இல்லாத மத்தியானங்களில்.

மறுபடி மேலிருந்து படித்தாள். ‘மறைந்த’ என்ற சொல்லில் கண் நின்றது. அஞ்சலி போஸ்டரில் ஆட்கள் அதிகம் தப்பு விடுகிற சொல் அது. ‘ந்’ வரவேண்டிய இடத்தில் ‘த்’ எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை ‘எங்களை மறைத்த தந்தை’ என்றே ஒரு போஸ்டர் சுவரேறி, நாலு நாள் தெருவே சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஒரு எழுத்தை அவள் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பாள். தானாகப் போனால் ‘மறைந்த’. இன்னொருத்தன் செய்தால் ‘மறைத்த’. பத்தாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் பண்ணியது.

தானாகவா போனாள் என் பெண்?

ஹேமாவதி ‘ந்’ஐ அழித்தாள். ‘த்’ வைத்தாள். படித்தாள். அவர் பெயர் கீழேயே இருந்திருந்தால் அது வெறும் அச்சுப்பிழை. மேலே ஏறி உட்கார்ந்துகொண்டதால் வாக்கியம் முழுசாக நின்றது. கோதண்டம் மறைத்த நால்வர். பதிவேட்டில் மறைத்தார், ஷட்டருக்குப் பின்னால் மறைத்தார், போலீஸ் காகிதத்தில் மறைத்தார். ஏழு வருஷத்தில் அவள் படித்த எந்த மனுவும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

அன்வர் பாஷா தொப்பியை மடித்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தார். புரூஃப் பார்ப்பதில் அவருக்குக் கழுகுக் கண். விரல் வரிவரியாக இறங்கி இரண்டாவது வரியில் நின்றது.

“ஹேமாம்மா, ‘ந்’னாவுக்கு ‘த்’னா உழுந்துகீது.”

“உழல பாய். வெச்சேன்.”

பட்டியலில் இருந்த அஜ்மல் பாயின் அக்கா மகன். கோதண்டத்தின் பிறந்தநாள் பேனர், பொங்கல் பேனர், கோயில் பேனர் எல்லாமும் அவர் ஆட்கள் இந்தக் கடையில்தான் அடிக்கக் கொடுப்பார்கள்.

“கையெழுத்து இல்லாம எதுவும் மெஷினுக்குப் போவாது. அது கடை ரூல்” என்றார் பாஷா. “அவரு பாத்துட்டு ஓகேன்னு கையெழுத்துப் போட்டா வெட்டு. நான் இதைப் பாக்கல. டாக்டரு என்னைக் கண்ணாடி மாத்தச் சொல்லிகீறாரு.”

மறுநாள் கோதண்டம் வந்தபோது புரூஃபை அவர் கையில் கொடுத்துவிட்டு ஹேமாவதி எதிரே நின்றாள். இந்த ஆள் இரண்டாவது வரியை ஒரே ஒரு தடவை நிதானமாகப் படித்தால் போதும். வேலை போகும், கடைக்கும் கேடு, கல்லில் ‘மறைந்த’ என்றே விழும். அப்புறம் மழை வெயில் எதுவும் அதை அழிக்காது.

அவர் வெகுநேரம் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“தப்பு கீதும்மா.”

“எங்க சார்?”

“‘கா’ பக்கத்துல புள்ளி சின்னதா கீது பாரு. தூரத்துலருந்து பாத்தா ‘காகோதண்டம்’னு படிப்பான். காக்கான்னு கூப்டுவானுங்க.”

“பெரிசாக்கிடுறேன் சார்.”

“மத்ததெல்லாம் ஓகே.” பேனாவைத் திருகிக் கையெழுத்துப் போட்டார், தேதியோடு. தன் பெயரைத் தவிர வேறு எதையும் படிக்காதவர்களுக்குத்தான் அவள் பதினாறு வருஷமாக எழுத்து அடித்திருக்கிறாள். அவரும் விதிவிலக்கில்லை.

விழாவையும் நினைவு நாளை ஒட்டிவந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வைத்தார்கள். தெருமுனையில் சாமியானா, நூறு நாற்காலி, மைக் செட். வீடியோ எடுக்க விக்ரம் என்றொருவனைக் கோதண்டமே ஏற்பாடு செய்திருந்தார், எலெக்‌ஷனுக்கு ஆகும் என்று. பட்டுத்துணியை அவர் இழுத்தார். கருங்கல்லில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கோபியின் அம்மா பொன்னம்மாள் நேராகப் போய்க் கல்லுக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகனின் பெயர் எந்த வரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதை மட்டும் தடவினாள்.

மைக்கைப் பிடித்தவன் தினகரன், கோதண்டத்தின் ஆள், அடுக்குமொழிக்காரன். “கல்வெட்டைக் காதாரக் கேளுங்கள்” என்று ஆரம்பித்து முழங்கினான். “தொழிலதிபர் கா. கோதண்டம், மறைந்த நால்வர் நினைவாக, எழுப்பிய தூண்.”

மறுபடி கை தட்டல். ஹேமாவதி நாற்காலி நுனிக்கு வந்தாள். பழகிய நாக்கு தானே திருத்திப் படித்துவிட்டது.

“அண்ணாத்தே, தப்பா படிக்கிற நீ” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஞானம்மாளின் மகன் அஸ்வின், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். “‘மறைத்த’ன்னு கீது. கண்ணைத் தொறந்து பாரு.”

தினகரன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் மேல் மரியாதை இருந்ததே ஒழிய மூளை அந்த நேரம் வேலை செய்யவில்லை. உள்ளதை உள்ளபடி மைக்கில் படித்தான். “தொழிலதிபர் கா. கோதண்டம் மறைத்த நால்வர் நினைவாக...”

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நூறு நாற்காலியும் கல்லைப் படித்தன.

“எவன்டா எழுதுனது?” கோதண்டத்தின் முகம் கறுத்தது. “டேய், அந்தக் கல்லுக்காரனக் கூப்டு. சுத்தியக் கொண்டா.”

“சுத்தியா?” பொன்னம்மாள் எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள். “எங்க, என் புள்ள பேரு மேல வையி பாக்கலாம் நைனா. கை இன்னா ஆவுதுன்னு நானும் பாக்கறேன்.”

சுத்தி வரவில்லை. ஹேமாவதி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், கும்பிடாமல், தணிந்த குரலில் சொன்னாள்.

“எழுத்துப் பிழை சார். நாங்க அடிச்சதுதான், நீங்க ஓகே போட்டது. திருத்திடலாம். ஆனா ஜனங்க படிச்சிட்டாங்களே. ‘நான் யாரையும் மறைக்கல’ன்னு நீங்களே மைக்ல சொல்லிட்டா தெரு நம்பிடும்.”

நல்ல யோசனையாகத்தான் அவருக்குப் பட்டது. மைக்கைப் பிடுங்கினார்.

“இந்தா பாருங்க, நான் எதுக்கு மறைக்கணும்? யாரை மறைக்கணும்?”

“மறைக்கலன்னா ரிஜிஸ்டர்ல எங்கம்மா பேரு ஏன் இல்ல?” என்றான் அஸ்வின்.

“ரிஜிஸ்டராவது கிஜிஸ்டராவது. உங்கம்மா என்கிட்ட பத்து வருஷம் வேலை செஞ்சவங்கடா. நாலு பேருமே நம்ம கம்பெனி ஆளுங்க. தங்கமான ஆளுங்க. ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம, கூப்ட்டேன்னு ஒரு வார்த்தைக்கு வந்து நின்ன புள்ளைங்க. அவங்களையா நான் மறைப்பேன்?”

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. அங்கேயிருந்து ஒரு நாய் குரைத்தது. கோதண்டம் மைக்கை இன்னும் வாய்க்கு நேராகவே வைத்திருந்தார். சொன்னது என்ன என்று அவர் காதுக்கு எட்ட சற்று நேரம் பிடித்தது. எட்டியதும் வாயை மூடிக்கொண்டார்.

அன்று தண்ணீர் லாரி வரிசையில் பித்தளைப் பேச்சுப் பேசியவள் முன்வரிசையில் இருந்தாள். ஹேமாவதி அவளை ஒரு முறை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விக்ரம் கேமராவை இறக்கவே இல்லை. அன்வர் பாஷா எப்போதோ அவன் பின்னால் போய் நின்றிருந்தார். “தம்பி, இதை அப்படியே இப்பவே எனக்கு அனுப்பு. உன் வீடியோ கடைக்குப் பேனரெல்லாம் இனிமே என் பொறுப்பு” என்றார். அவன் கோதண்டத்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், ஃபோனை எடுத்தான்.

ஹேமாவதி சாமியானாவுக்கு வெளியே வந்து கஸ்தூரிக்கு ஃபோன் போட்டாள்.

“சொல்லிட்டார்மா.”

“யாருக்கா? என்னன்னு?”

“கம்பெனி ஆளுங்கன்னு. மைக்ல.”

“கிழமை சொன்னாரா?”

“ஞாயித்துக்கிழமை. தான்தான் கூப்ட்டேன்னு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. “அக்கா, எனக்கு முழுசா சொல்லுங்க. வார்த்தைக்கு வார்த்தை. நான் எழுதிக்கிறேன்.”

அப்போதுதான் கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். துண்டு தோளிலிருந்து நழுவியிருந்தது. இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்ந்திருந்தன. “அம்மா, ஒரு நிமிஷம்மா, உன்கிட்ட ஒரு வார்த்தை” என்றார்.

ஹேமாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அவசரமே இல்லாமல், முதல் வார்த்தையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் வெயிலில் கும்பிட்டபடியே நின்றார்.