ரித்திகாவின் உயரம்

ரித்திகா இறந்த பிறகு அவளுடைய நிழல் ஏழு நாள் பள்ளிக்கு வரவில்லை. எட்டாவது நாள், செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறியபோது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் விழுந்து கிடந்தது. இரட்டைச் சடை, ஒரு தோளில் தொங்கும் பை. கிணத்துக்கடவுக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் தொடக்கப்பள்ளி அது. ஆசிரியர் ஈஸ்வரமூர்த்தி அறிவியலை வகுப்புக்குள் நடத்துகிறவரல்ல. மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, மணிக்கொரு தடவை குச்சியின் நிழலையும் ஆளின் நிழலையும் டேப்பால் அளக்கச் சொல்வார். குச்சியின் நிழல் ஐம்பது சென்டிமீட்டராக இருக்கும்போது ஒருவரின் நிழல் அறுபத்து மூன்று என்றால், அவர் உயரம் நூற்று இருபத்தாறு. அன்று ரித்திகாவுக்கு அதுதான் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். "டேய் யஷ்வந்த், அவ மேல நிக்கிற, தள்ளுடா" என்று ஒரு குரல் கேட்டது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா லோகப்பிரியா வருவாள். டேப்பின் ஒரு முனையை நிழலின் தலைமாட்டில் அவள் பிடிக்க, மறுமுனையை ஈஸ்வரமூர்த்தி பிடிப்பார். நிழல் வளர்ந்தது. வந்த உயரத்துக்கு லோகப்பிரியா புதுச் சீருடை தைக்கக் கொடுத்து, வாங்கி வந்து பீரோவில் அடுக்கினாள். ஒவ்வொரு தடவையும் மண்ணைப் பார்த்துத் திட்டுவாள். "வேடிக்கை பாத்துட்டு நின்னு பஸ்ஸ உட்டுப்போட்டயே, கூறுகெட்டவளே. நேரத்துக்குக் கெளம்பியிருந்தா இந்நேரம் ஊட்டுல இருப்பயல்ல?" ஈஸ்வரமூர்த்தி டேப்பைச் சுருட்டுவார். ரித்திகா வேடிக்கை பார்க்கவில்லை. அவளுடைய அட்டவணையில் மாலை நாலரை மணி அளவு மட்டும் விட்டுப்போயிருந்தது. "ஒரே ஒரு அளவுதான் கண்ணு, எடுத்துட்டுப் போ" என்று நிறுத்திவைத்தவர் அவர். நாலு இருபது பஸ் போய்விட்டது. அவள் பொள்ளாச்சி ரோட்டைத் தனியாகக் கடந்தபோது தேங்காய் மட்டை ஏற்றிய லாரி வந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடம், இருபத்து மூன்று வெள்ளிக்கிழமைகள், செத்த பிள்ளை அவர் பழியையும் சேர்த்துச் சுமந்தது.

பிறகு மில் முதலாளி பாலகோபால் மைதானம் முழுக்கத் தகரக் கொட்டகை போட்டுத் தர முன்வந்தார். வெயிலே விழாது. ஈஸ்வரமூர்த்தி வேண்டாம் என்றார். காரணம் பாலகோபாலுக்கும் தெரியும். "இருக்கற பிள்ளைக வெயில்ல மயங்கி உழுகுதுங்க சார். நீங்க ஒருத்திக்காகப் பாக்கறீங்க" என்றார் அவர் பணிவாக. கொட்டகைக்குக் கம்பி நட்ட வாரம் கடைசி அளவு. நூற்று முப்பத்தெட்டு. லோகப்பிரியா வழக்கம்போல் திட்ட வாயெடுத்தாள்.

"அவள வெய்யாதீங்கம்மிணி. நான்தான் நிறுத்திவெச்சேன்."

அவள் கை டேப்பை விட்டது. அது சரசரவென்று சுருண்டு அவர் கைக்குள் அடித்தது. நிழலைப் பார்த்தபடியே சொன்னாள்: "ரெண்டு வருசமா அந்தக் கொழந்தயவே திட்டிட்டு இருந்துட்டனுங்களே." அவரைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் போய்விட்டாள்.

கொட்டகை எழும்பியது. மறுநாள் காலை வீட்டைவிட்டு இறங்கிய ஈஸ்வரமூர்த்திக்கு இரண்டு நிழல்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றதும் அவர் காலடியிலிருந்தே புறப்பட்டு, இரட்டைச் சடையோடு வலப்பக்கம் நடந்தது. டீக்கடை அழகிரிசாமி முதல் வாரம் "சாருக்கு ஒன்னரை டீங்களா?" என்று கேட்டார், யாரும் சிரிக்காததால் பிறகு கேட்கவில்லை. இப்போது கிணத்துக்கடவில் எதிரே வருகிறவர்கள் அவருக்கு வலப்பக்கம் ஓராள் இடம் விட்டு ஒதுங்குகிறார்கள். வெயில் உள்ள நாட்களில் லோகப்பிரியா வழியில் காத்திருப்பாள். அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள். தரையில் குந்தி, வீட்டில் நாய் குட்டி போட்டதை, பக்கத்துத் தோப்பில் போர் வற்றியதை, மகளிடம் மெதுவாகச் சொல்வாள். அவள் எழும்வரை ஈஸ்வரமூர்த்தி அசைவதில்லை. அசைந்தால் பிள்ளையும் நகரவேண்டியிருக்கும்.