பெரிய டாக்டர் வாய் மூடிய ஐந்து நிமிடம்

உலகத்தில் எவராலும் முடியாததை வாயாடி செய்து காட்டினாள்: பெரிய டாக்டரை முழுசாக ஐந்து நிமிடம் வாய் மூடி உட்கார வைத்தாள். அவருக்கு மயக்க ஊசி போட்டாலும் பேசிக்கொண்டிருப்பார் என்று குழந்தைகள் வார்டே சத்தியம் செய்யும். வாயாடி என்று அந்த வார்டு பட்டப்பெயர் வைத்த அவளுக்கு வயது ஒன்பது.

அவளுக்கு அரிவாள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து குழாயில் சிக்கிக்கொண்டால், காலெலும்பை யாரோ உள்ளே இருந்து முறுக்குவது போலிருக்கும். அன்று காலை அப்படித்தான். மருந்து உடனே வேண்டும். ஆனால் வலி ஏற ஏற அவளுக்கு வாய் நிற்காது. பேச்சை நிறுத்தினால் வலி மொத்தமாக வந்து ஏறிக்கொள்ளும். மின்விசிறியிடம்கூட நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் வந்தார். வழக்கம்போல அம்மாவைக் கேட்டார். "வலி எப்படிம்மா இருக்கு?" பதிலையும் அவரே சொன்னார். "இவ்வளவு கலகலன்னு பேசுறா! சாயங்காலம் பாத்துக்கலாம்."

"டாக்டர் மாமா, கால் என்னோடது," என்றாள் வாயாடி. "வலிக்கிறதாலதான் பேசறேன். நல்லா இருந்தா புத்தகத்த விட்டுத் தலையே தூக்க மாட்டேன். இத மட்டும் அம்மாகிட்ட கேட்டுக்குங்க."

அம்மா வேகமாகத் தலையாட்டினாள்.

"ஸ்டூல்ல உக்காருங்க. அஞ்சு நிமிஷம். நடுவுல பேசினா முதல்லேருந்து ஆரம்பிப்பேன்."

அந்த மிரட்டலுக்கு ஒரு படையே ஆயுதத்தைக் கீழே போட்டிருக்கும். அவர் உட்கார்ந்தார். எங்கே வலி, எப்போது தொடங்கியது, போன தடவை எந்த மருந்துக்குக் கேட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். இரண்டு தடவை அவர் வாயெடுத்தார். அவள் விரலைத் தூக்கியதும் மூடிக்கொண்டார். ஐந்தாவது நிமிடம் மருந்து எழுதினார்.

மருந்து இறங்கி வேலை செய்ததும் வாயாடி புத்தகத்தில் மூழ்கினாள். வார்டில் ஈ பறப்பது இடி மாதிரி கேட்டது.

மதியம் வேலைக்கு வந்த தலைமை நர்ஸ், சின்ன நர்ஸ் சொன்ன இந்தக் கதையை நம்பவே இல்லை. "அவரா? அஞ்சு நிமிஷமா? யாரு காதுலடி பூ சுத்தறே?" என்று அவளை அதட்டினார்.

அப்போது பெரிய டாக்டர் உள்ளே வந்தார். அம்மாவைத் தாண்டிப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எப்படி இருக்கு தாயே?"

வாயாடி பக்கத்தைப் புரட்டினாள். "ம்."

அவர் பேசவில்லை. அவள் அந்தப் பக்கத்தை முடித்து நிமிரும்வரை கைகட்டிக் காத்திருந்தார்.

தலைமை நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடந்துதான்டி இருக்கு," என்றார்.